ரெண்டாவது கியர்

சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோலைப் போர் போட்டாச்சு. உளுந்து தெளிச்சிருக்கு, அது தன்னால வளரும். அதனால இந்தத் தடவை பயிரையும் மாட்டையும் விட்டுட்டு, மாட்டுக் கொட்டகை மூலையில நிக்கிற காரைப் பத்தி எழுதறேன்.

அப்பா எப்பவோ செகண்ட் ஹேண்டில் வாங்கின ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ரெண்டு கதவு வண்டி. நகரத்துல இருக்கிற உங்கள்ல பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீங்க. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலாட்டி வரைஞ்ச உடம்பு. 1961-லிருந்து நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செஞ்சாங்க. இதே சேசிஸைக் கொஞ்சம் குறுக்கி, கிட்டத்தட்ட இதே கியர்பாக்ஸை வச்சு 1962-ல் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விட்டாங்க. நம்ம பக்கத்துச் சோழவரத்துல, உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்தப்போ ஹெரால்டுகளும் ஓடியிருக்கு. சித்தப்பா சின்ன வயசுல அங்க டயர் உருட்டி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத்தான் மெக்கானிக் ஆனார். அப்புறம் யானைக்கவுனியில ஒரு சந்துக்குள்ள ஷெட் போட்டு நாப்பது வருஷம் வேலை பார்த்தார்.

அந்த நாப்பதுல கடைசி இருபது வருஷம் அவர் எங்க வீட்டு வாசல்படி மிதிக்கலை. ஏரிக்கரை ஒரு ஏக்கரை அப்பா தன் பங்குல எழுதிக்கிட்டதுதான் காரணம். யார் பக்கம் நியாயம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ரெண்டு பேருமே கேட்டா கோபப்படுவாங்க, அதனால கேக்கறதையே விட்டுட்டேன். அப்பா காரியத்துக்கு வந்தார், ஓரமா நின்னார், சாப்பிடாம போயிட்டார்.

அப்பா போய் ரெண்டு வருஷம் கழிச்சு வண்டியை எடுத்தேன். ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னு பல்லைக் கடிக்கும். விழுந்ததும், ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா டக்குனு நியூட்ரலுக்குத் துள்ளிடும். அப்பா ஓட்டும்போது இடது கையால லீவரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பார். அது அவர் பழக்கம்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பாக்ஸை மட்டும் கழட்டி எடுத்தாடா, எனக்குக் கை நடுங்குது, சொல்றேன், நீ செய்"ன்னார்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், கியர்பாக்ஸைக் கழட்ட வண்டிக்கடியில படுக்க வேண்டாம். முன் சீட்டுகளை எடுத்துட்டு, நடுவுல மேடு மாதிரி இருக்கிற மூடியைக் கழட்டினா பாக்ஸ் தெரியும். பின்னாடி ஷாஃப்டையும் முன்னாடி சுத்தியிருக்கிற போல்ட்டுகளையும் விட்டு, பின்பக்கமா இழுத்து, வண்டிக்குள்ளேயே தூக்கிடலாம். நானும் டிராக்டர் ஓட்டற பையனும் தூக்கினோம். யூரியா சாக்குல கட்டி, பொன்னேரியில கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினேன். பேசின் பிரிட்ஜ் வர்றதுக்குள்ள சாக்கு நனைஞ்சு என் வேட்டியெல்லாம் ஆயில். எதிர் சீட்டு அம்மா, "கருவாடா?"ன்னு கேட்டாங்க.

சென்ட்ரல்ல இறங்கி வால்டாக்ஸ் ரோடு தாண்டி நடந்தேன். கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டினவங்க அதுக்கு வரி போடப் பார்த்தாங்களாம். வசூலாகலைன்னு சொல்வாங்க, பேர் மட்டும் நின்னுபோச்சு. ஷெட்டைச் சித்தப்பா எப்பவோ காலி பண்ணிட்டார். வீட்டுத் திண்ணையில பழைய சாக்கை விரிச்சு வேலையை ஆரம்பிச்சோம்.

மிச்சமிருந்த ஆயிலை ஒரு தட்டுல ஊத்தச் சொன்னார். கறுப்பு ஆயில்ல ஜரிகைத் தூள் மாதிரி மினுமினுப்பு. விரல்ல தேய்ச்சுப் பார்த்தார். "பித்தளை. சௌகார்பேட்டைல கொடுத்தா தங்கம்னு சலிச்சிருப்பான்"னு சிரிச்சார். இருபது வருஷம் கழிச்சு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அந்தத் தூள் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். ஓடற பஸ்ல ஏறறவன் ரெண்டடி கூடவே ஓடித்தான் ஏறுவான். நின்ன காலோட ஏறினா விழுவான். கியரும் அப்படித்தான், ரெண்டு பல்லும் ஒரே வேகத்துல சுத்தினாத்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கும். கூட ஓடற அந்த ரெண்டடியை ஓடறது சின்க்ரோ ரிங்னு ஒரு பித்தளை வளையம். அதோட உள்பக்கம் தலைமுடி கனத்துல வரிவரியா வெட்டியிருக்கும். அது கியரோட கூம்புல உரசி, ஆயிலை அறுத்து, வேகத்தைச் சமமாக்கும். வரி தேஞ்சா வளையம் வழுக்கும், பல்லு கடிக்கும், கடிச்சுக் கடிச்சுப் பல்லு முனை மழுங்கும். மழுங்கின பல்லு பிடிப்பில்லாம துள்ளும். ஹெரால்டில் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. வண்டியை நிறுத்தித்தான் போடணும், இல்லைன்னா பழைய பஸ் டிரைவர் மாதிரி டபுள் கிளட்ச் அடிக்கணும்.

நடு ஷாஃப்டை எடுத்து, பழைய வளையத்தைக் கூம்புல வச்சு அழுத்தச் சொன்னார். கியருக்கும் வளையத்துக்கும் நடுவுல பிளேடு முனைகூட நுழையலை. பல்லை விரலால தடவினார். பொறுக்கின கூழாங்கல்லு மாதிரி உருண்டிருந்தது.

"இது ஒரு வருசத்துத் தேய்மானம் இல்லடா. உங்கப்பன் அமுக்கிப் புடிச்சே ஓட்டிகீறான். முதல்லயே வந்திருந்தா வளையத்தோட போயிருக்கும்."

நான் ஒண்ணும் சொல்லலை. சித்தி காப்பி கொண்டுவந்து வச்சாங்க.

இதுல பெரிய வில்லங்கம் வளையம் இல்லை. மெயின் ஷாஃப்டில் ஒரு சர்க்ளிப் உட்கார்ந்திருக்கும். பிடிக்கக் காது கிடையாது, பள்ளத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல தூக்கினாத்தான் வரும். ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் உள்ள போய் உட்காரும். அதுக்கு கம்பெனி தனியா டூல் வச்சிருந்தது. சித்தப்பாகிட்டயும் ஒண்ணு இருந்ததாம், ஷெட் காலி பண்ணும்போது பழைய இரும்போட போயிடுச்சு. ஹாக்ஸா பிளேடை உடைச்சு, கல்லுல மெல்லிசா தேய்ச்சு, மூணு பட்டை செஞ்சோம். முதல் நாள் விரலைக் கிழிச்சுக்கிட்டேன். ரெண்டாம் நாள் ஒரு பட்டை உடைஞ்சது. மூணாம் நாள் சாயங்காலம், கிளிப் டிங்குனு பறந்து சித்தியோட துளசி மாடத்துல போய் விழுந்தது. அதைத் திரும்பப் போடக் கூடாது, வளைஞ்சிருக்கும்.

புதுப்பேட்டையில ஒரு நாள் முழுக்கச் சுத்தினேன். வெட்டின ஹெரால்டோட பாக்ஸ் ஒண்ணு கிடைச்சது. அதுல ரெண்டாவது கியர் பல்லு கூர்மையா இருந்தது, வளையம் மட்டும் நம்மளோடதைவிட மோசம். புது வளையத்துக்கும் கிளிப்புக்கும் எங்க போறது, இங்கிலாந்துலேருந்துதான் வரவழைக்கணுமான்னு கேட்டேன். சித்தப்பா உள்ள போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். எண்ணெய்க் காகிதத்துல சுத்தின பொட்டலம். உள்ள வளையம் ரெண்டு, சர்க்ளிப் ஒண்ணு. காகிதத்துமேல பென்சில்ல எங்க வண்டி நம்பர் எழுதியிருந்தது.

எப்ப வாங்கினதுன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது. அதுக்குள்ள அவர், "கிளிப்பை மண்ணெண்ணெய்ல கழுவு"ன்னுட்டார்.

சின்க்ரோ ஹப்புக்குள்ள மூணு ஸ்பிரிங், மூணு குண்டு. அமுக்கி உள்ள தள்ளும்போது ஒரு குண்டு பீரோவுக்கடியில ஓடிடுச்சு. சைக்கிள் கடையில வாங்கிக்கலாம்னேன். "அளவு மயிரிழை மாறினாலும் நாளைக்கு துள்ளும், தேடு"ன்னார். பீரோவை நகர்த்தித் தேடினோம், சித்தியோட தொலைஞ்ச மூக்குத்தித் திருகு முதல்ல கிடைச்சது. அப்புறம் ஹப்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சே கோத்தேன். நான் கோக்க கோக்க அவர் ஷாஃப்டைச் சுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தார். ரெண்டு தடவை எல்லாத்தையும் பிரிக்கச் சொன்னார். ரெண்டு தடவையும் அவர்தான் சரி. வாஷர் ஒண்ணு திரும்பியிருந்தது, இன்னொண்ணு கனம் பத்தலை.

ஆயில் விஷயத்துல நான் சறுக்கப் பார்த்தேன். தொண்ணூறாம் நம்பர் ஆயில் டப்பா வீட்டுல இருந்தது. சித்தப்பா மூடியைப் பார்த்துட்டு வேண்டாம்னார். ஜிஎல்-5 ஆயில்ல இருக்கிற கந்தகச் சரக்கு பித்தளையை அரிக்குமாம், ஜிஎல்-4 வாங்கச் சொன்னார்.

பாக்ஸோட சித்தப்பாவும் லோக்கல்ல வந்தார். கொட்டகையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிளட்ச் பல்லுக்குள்ள ஷாஃப்ட் நுழையற வரைக்கும் எங்களைத் திட்டிக்கிட்டே இருந்தார். மாடுகள் வேடிக்கை பார்த்தன.

சாயங்காலம் வண்டியை எடுத்தோம். முதல் கியர் கூவுச்சு. நேர்ப்பல்லு, அது கூவத்தான் செய்யும்னார். ரெண்டாவது சத்தமில்லாம விழுந்தது. என்னை அறியாம லீவரை அமுக்கிப் பிடிச்சிருக்கேன்.

"கையை எடுடா."

எடுத்தேன். காலையும் எடுத்துப் பார்த்தேன். துள்ளலை.

சோழவரம் வரைக்கும் போலாமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் வெளியவே பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஏரிக்கரை நெலத்துல இன்னா போட்டுக்கீற?"

"உளுந்து, சித்தப்பா."

"அந்தப் பக்கம் விடு. கரைமேல ரெண்டாவதுலயே போ, மெதுவா."