கேட்போரின் கடன்

விடாமுயற்சியைப் பற்றி நம் பாடநூல்களில் கதைகள் நிறைய உண்டு. வலை பின்ன முயன்று பலமுறை விழுந்து, பின்னும் ஏறிய சிலந்தியின் கதை அவற்றுள் ஒன்று. அக்கதையில் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. சிலந்தியை யாரும் தள்ளிவிடவில்லை. அது தானே விழுந்தது, தானே எழுந்தது. மனிதர் உலகிலோ விழுபவனுக்கு அருகில் தள்ளுபவன் நிற்கிறான். சற்றுத் தொலைவில் பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாடற்குழுவைப் பற்றி எழுதப் புகும் நான் இந்த மூவரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து ஒரு குழுவை உருவாக்கினர். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது அதன் பெயர். சாதியற்றோர் கூட்டு என்று பொருள் கொள்ளலாம். சாதிபேதமற்ற தமிழர் என்னும் எண்ணத்தை முன்வைத்த அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) நினைவில் பிறந்த பெயர் அது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அக்குழு முதன்முறையாக மேடையேறியது. மேடையில் நின்றோர் 19 பேர்.

அவர்கள் பாடியது கானா. வடசென்னையின் உழைக்கும் மக்கள் இழவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடிய பாட்டு அது. அதனோடு பறையும், சட்டியும், கட்டமோளமும் சேர்ந்தன. கித்தாரும் டிரம்ஸும் ராப் பாட்டும் சேர்ந்தன. பறையையும் ராக் இசையையும் எப்படி ஒன்றாக்க முடியும் என்று வியந்தோர் உளர். ராக் இசையின் பிறப்பை அறிந்தோர்க்கு அந்த வியப்பு எழாது. 1950களில் அமெரிக்காவில் உருப்பெற்ற அவ்விசையின் தாய்வீடு கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு. பருத்திக் காட்டில் வேலை செய்தோரின் பாட்டு. ஆகவே அந்த மேடையில் நடந்தது அந்நியர் இருவரின் அறிமுகம் அன்று. ஒரே வியர்வையில் பிறந்த உறவினர் நெடுநாட் கழித்துக் கண்டுகொண்டனர் என்றே கூறவேண்டும்.

இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் நேராகப் பாடிய குழுவுக்கு இடையூறுகள் வாராதிருக்குமா? 2020இல் கொரோனா நோய்த்தொற்று மேடைகளை எல்லாம் மூடியது. அது எல்லாக் கலைஞருக்கும் பொதுவான துன்பம். இவர்களுக்கே உரிய துன்பங்கள் வேறு. கானா ஆண்களின் கோட்டையாக இருந்த நிலையில், அக்குழுவில் துணிந்து பாடிய பெண் இசைவாணி. உலகின் கவனத்துக்குரிய 100 பெண்களின் பட்டியலில் 2020ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் அவர் பெயரையும் சேர்த்தது. சபரிமலைக்குள் பெண் நுழையும் உரிமை பற்றிய விவாதம் எழுந்த காலத்தில் அவர் பாடிய ஒரு பாடலை, ஆண்டுகள் பல கடந்தபின், 2024 நவம்பரில் சிலர் தோண்டியெடுத்துப் பொலிசில் முறையிட்டனர். வசைகளும் மிரட்டல்களும் அவரைத் தொடர்ந்தன. பாடிய நாளில் குற்றமாகத் தோன்றாத பாட்டு, பாடியவள் பெயர் பெற்றபின் குற்றமாயிற்று!

அதே குழுவிலிருந்து எழுந்த மற்றொருவர் அறிவு. 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாடல் வெளிவந்தது. அறிவும் தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளர். பாட்டு உலகெங்கும் சென்றது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்தபின்னரே அவருக்கெனத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. அதன்பின் பாட்டை ஆக்கியவர் யார் என்ற வழக்கு பொதுவெளியில் மூண்டது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளரே வெளிப்படையாகக் கூறினார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு. பாடுபட்டோர் கையில் வெறுமை. உழைப்பின் பயன் எங்கே போகிறது என்ற பழைய வினா, தேயிலைத் தோட்டத்தில் மட்டும் எழுவதன்று.

தேயிலைத் தோட்டத்தைச் சும்மா இழுக்கவில்லை. அந்தப் பாட்டின் வேரில் நிற்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள்; நம் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1948இன் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. காடு திருத்திய மக்களுக்கு நிலம் இல்லாமற்போன கதையே பாட்டாகித் திரும்பி நம் கரையில் ஒலிக்கிறது.

நம் கரைக்கும் ஒரு கதை உண்டு. ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் தொடங்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கரையோடு வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்புக் கற்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே மணல் வரவு நின்றதால் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரை இல்லாத இடத்தில் கரைவலை இழுப்பதெப்படி? வலை இழுக்காதவன் அம்பா பாடுவதெப்படி? தோணியையும் கயிற்றையும் இழந்ததைப் பலர் கணக்கிட்டனர். பாட்டை இழந்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை.

என் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அந்தக் கணக்கை எழுத முனைந்தார்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடலைக் கைத்தொலைபேசியில் கேட்ட மீனவர் மகன் ஒருவன் என்னிடம் வந்து, “சேர், எங்கட வாப்பாமார் வலை இழுக்கக்குள்ள படிச்ச அம்பாவையும் கித்தாரோட இப்பிடிப் படிக்க ஏலாதா?” என்று கேட்டான். ஏலும் என்றேன். முதியவர்களிடம் கேட்டு நான்கைந்து அம்பாக்களைத் திரட்டினார்கள். பெண்கள் பாடும் கவியும் சேர்ந்தது. பக்கீர் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் பாட்டனின் றபானைக் கொண்டுவந்தான். கலைவிழாவுக்கென இரண்டு மாதம் பழகினார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் நிகழ்ச்சி நீக்கப்பட்டது. இசை மார்க்கத்துக்கு ஆகாது என்பது சொல்லப்பட்ட காரணம். அக்கருத்துடையோரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் வேறு பாட்டுகள் அதே விழாவில் தடையின்றி இடம்பெற்றன. சொல்லப்படாத காரணம் ஆசிரியர் அறையில் ஒருவர் வாயிலிருந்து தாழ்ந்த குரலில் வந்தது: “பக்கீர்ர றபானும் கரைவலைக்காரன்ர பாட்டுமா நம்மட மேடைக்கு?” சாதி என்பது பிறர்க்குரிய நோய், நம் முஸ்லிம் ஊர்களில் அஃதில்லை என்று பெருமை பேசுகிறோம். றபான் அடிக்கும் பக்கீர்மாரையும், சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாமாரையும் சம்பந்தம் பேசும்போது எந்த வரிசையில் வைக்கிறோம்? தொழுகையில் தோளோடு தோள் நின்றவன் கலியாணத்திலும் மேடையிலும் ஏன் பின்னே தள்ளப்படுகிறான்? சென்னைக் குழு பறையை மேடையேற்றியபோது எழுந்த அதே வினா, வேறு ஆடை உடுத்து நம் வாசலிலும் நிற்கிறது.

மாணவர்கள் சோர்ந்தார்கள், ஆனால் கலையவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் துறைமுகக் கற்களின்மேல் கூடிப் பாடுகிறார்கள். முதல் வாரம் கேட்டவர்கள் மூவர். பிறகு வலை பொத்துவோர் வந்தார்கள். ஒருநாள் முதியவர் ஒருவர் பாட்டை இடைமறித்து, “அதில்ல மனே, இழுவை கனக்கக்குள்ள சத்தத்த இறக்கிப் புடிக்கணும்” என்று திருத்திக் காட்டினார். அன்றுதான் குழு பிழைத்துக்கொண்டது என்பேன்.

சென்னையின் 19 பேரையும் நிறுத்திவைத்தது அவர்களுடைய மனவுறுதி மட்டும் அன்று. ‘இது எங்கள் பாட்டு’ என்று உரிமையோடு முன்வந்து நின்ற மக்களும் அவர்களைத் தாங்கினார்கள். பாடுகிறவனிடம் விடாமுயற்சியை எதிர்பார்க்கும் நாம், கேட்கிறவனிடமும் அதை எதிர்பார்க்க வேண்டும். அம்பா தெரிந்த முதியவர்கள் நம்மூர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், அவர்களை வகுப்பறைக்கு அழையுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கையிலுள்ள றபானைப் பறிக்குமுன் அதன் வரலாற்றைக் கேளுங்கள். இளைஞர்களே, பாட்டைப் பதிவுசெய்யும்போது பாடியவரின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். கடல் கொண்ட மணலை மீட்க அரசும் பணமும் வேண்டும். பாட்டை மீட்க நாம் சென்று உட்கார்ந்து கேட்டாலே போதும்.