வான்கோவை விற்றவருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய யோஹன்னா அம்மாவுக்கு,

உங்களுக்கு வந்து சேர வேண்டிய நன்றிகள் நெடுங்காலமாக வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சூரியகாந்திப் பூக்களைப் பார்த்து உருகுகிறவர்கள் வின்சென்ட் வான்கோவுக்கு நன்றி சொல்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், அண்ணனுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பிய தம்பி தியோவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தியோவின் மனைவி யோஹன்னா பொங்கர் என்று ஒருவர் இருந்தது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'விதவை' என்ற ஒற்றைச் சொல்லோடு உங்களைக் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பாக்கியில் என் பங்கையாவது அடைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வான்கோவைப் பற்றி எழுதும் எவரும் தவறவிடாத வாசகம் ஒன்று எங்கள் பத்திரிகைகளில் உண்டு: உயிரோடு இருந்தவரை அவருடைய ஒரே ஓவியம்தான் விற்றது, இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 ஃபிராங்குக்குப் போனதைத்தான் முதல் பாதியில் சொல்கிறார்கள். வாங்கியவர் அன்னா போக், அவரும் ஓவியர். அது கிடக்கட்டும். எனக்கு உறுத்துவது இரண்டாம் பாதி. உலகம் எப்படிக் கண்டுகொண்டது? புஸ்ஸம் என்கிற டச்சுச் சிற்றூரில் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களைத் தேடிக்கொண்டு உலகம் வண்டி கட்டிக்கொண்டா வந்தது? நீங்கள் பெட்டியில் அடுக்கி அனுப்பினீர்கள். விற்காமல் திரும்பி வந்ததை இன்னோர் ஊருக்கு மறுபடி அனுப்பினீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் இதையே செய்தீர்கள்.

1891 ஜனவரி 25 அன்று தியோ இறந்தபோது உங்களுக்கு வயது 28. அண்ணன் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. திருமணம் நடந்தது 1889 ஏப்ரலில்; ஆக இரண்டு வருட மணவாழ்க்கைகூட உங்களுக்கு வாய்க்கவில்லை. கையில் ஒரு வயது நிறையாத பிள்ளை, பெரியப்பாவின் பெயரையே வைத்த வின்சென்ட் வில்லெம். கூடவே ஏறக்குறைய 400 ஓவியங்கள், நூற்றுக்கணக்கில் கோட்டோவியங்கள், ஓர் இழுப்பறை நிறையக் கடிதங்கள். அன்றைய சந்தையில் இவற்றுக்கு விலை என்று சொல்லும்படி பெரிதாக எதுவுமில்லை. நீங்கள் ஓவியம் பயின்றவரும் இல்லை, ஆங்கில ஆசிரியை. தியோ முதன்முதலில் மனதைத் திறந்தபோது மறுத்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று மறுத்த மறுப்பிலேயே நின்றிருந்தால் இந்த மடல் எழுதவேண்டி வந்திருக்காது. அநேகமாக, உருகுவதற்குச் சூரியகாந்தியும் இருந்திருக்காது.

வின்சென்ட்டை நீங்கள் நேரில் பார்த்தது எத்தனை முறை? 1890 மே மாதம் பாரிஸில் சில நாள். ஜூனில் ஓவேர் கிராமத்தில் ஒரு ஞாயிறு. ஜூலைத் தொடக்கத்தில் மறுபடி பாரிஸில் ஒரு நாள். அவ்வளவுதான். நோயாளி ஒருவரை எதிர்பார்த்திருந்த உங்கள் முன்னால் அகன்ற தோள்களோடு, தியோவைவிடத் திடமானவராக அவர் வந்து நின்றதைப் பின்னாளில் எழுதினீர்கள். அதே பக்கங்களில் உங்கள் பாரிஸ் வீட்டையும் காட்டியிருக்கிறீர்கள். சாப்பாட்டு அறையில் கணப்புக்கு மேலே 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. படுக்கையறையில் பூத்துக் கிடக்கும் பழத்தோட்டங்கள். கட்டிலுக்கு அடியில், சோஃபாவுக்கு அடியில், அலமாரிக்கு அடியில் எல்லாம் சட்டமிடாத கேன்வாஸ் குவியல். வீடு கூட்ட வந்த வேலைக்காரப் பெண்மணி தலையில் கைவைத்துக்கொண்டதையும் விடவில்லை. கலை வரலாற்று நூல்கள் எத்தனையோ புரட்டியிருக்கிறேன். அந்தப் பெண்மணியின் எரிச்சலைப் பதிவுசெய்தவர் நீங்கள் ஒருவர்தான். அதற்காகவே ஒரு தனி நன்றி.

ஆனால் அவரை நீங்கள் அறிந்தது சந்திப்புகளால் அல்ல, கடிதங்களால். மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே மேசையின் கீழறை நிறைய மஞ்சள் உறைகள் இருந்தன. வாரந்தோறும் அது கூடிக்கொண்டே போனது. நீங்களும் அவருக்கு எழுதினீர்கள். பிரசவ நேரம் நெருங்கிய ஜனவரி மாதத்து நள்ளிரவில், வீட்டார் கூடியிருக்க, மேசையில் உட்கார்ந்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வலி எப்போது எடுக்குமோ என்றிருக்கிற பெண், தூரத்து மனநல விடுதியில் இருக்கும் மைத்துனருக்கு, அவரைப் பாராட்டி ஒரு பாரிஸ் இதழில் கட்டுரை வந்திருக்கும் சேதியைச் சொல்கிறாள். சில வாரங்களில் பதில் வந்தது: நீல வானத்தின் கீழே வாதுமைக் கிளைகள், கிளை நிறைய வெள்ளைப் பூக்கள். பிறந்த குழந்தைக்காக அவர் தீட்டிய 'பூத்த வாதுமை'. எத்தனையோ படங்களை விற்ற நீங்கள் அதை மட்டும் விற்கவே இல்லை.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் நன்றி சொல்வது நீங்கள் பட்ட துயரத்துக்கு அல்ல. நீங்கள் செய்த வியாபாரத்துக்கு.

கலையையும் காசையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் எங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். படைத்தவன் பட்டினி கிடந்தால் போற்றுவோம். அவன் படைப்பை ஒருவர் நல்ல விலைக்கு விற்றுக்கொடுத்தால் சந்தேகப்படுவோம். உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் சுளிப்பு எனக்குப் போய்விட்டது. தியோவும் நீங்களும் குடும்பம் நடத்தத் தொடங்கியபோது போட்ட வரவு செலவுக் கணக்கு அது. அவர் போன பிறகும் நீங்கள் அதை நிறுத்தவில்லை. 2002இல் ஆய்வாளர்கள் அதைப் பதிப்பித்தபோது, சுமார் 190 ஓவியங்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்களும் உங்கள் கையால் விற்கப்பட்டது தெரியவந்தது. மியூசியங்கள் இன்று அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் ஓவியங்களின் பூர்வீகத்தை உறுதிசெய்கின்றன.

விற்ற முறைதான் அதைவிட வியப்பு. கண்காட்சிக்கு அனுப்பும்போது மிகச் சிறந்த சில படங்களை 'விற்பனைக்கல்ல' என்ற குறிப்போடு சேர்த்தே அனுப்புவீர்கள். அவற்றைப் பார்த்து மயங்கியவர்கள் பக்கத்தில் விற்பனைக்கு இருப்பதை விலை கேட்பார்கள். மொத்தமாக அள்ளிக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஊர் பார்த்து, ஆள் பார்த்து விட்டீர்கள். பெர்லினில் பால் காசிரர், பாரிஸில் அம்ப்ருவாஸ் வொலார் என்று அக்காலத்தின் பெரும்புள்ளிகளான வியாபாரிகளோடு கடிதத்திலேயே பேரம் பேசினீர்கள். ஒரு சிற்றூரில் விடுதி நடத்தி, வாடகைக்கு இருப்போருக்குச் சாப்பாடு போட்டு, மிச்ச நேரத்தில் சிறுகதைகளை டச்சில் மொழிபெயர்த்துச் சம்பாதித்துக்கொண்டே இதையும் செய்தீர்கள்.

மலிவாக விற்றுவிட்டார் என்று உங்கள்மேல் குறை சொல்கிறவர்கள் உண்டு. டாக்டர் காஷேயின் உருவப்படத்தை 1897இல் 300 ஃபிராங்குக்குக் கொடுத்தீர்கள். அதே படம் 1990இல் நியூயார்க் ஏலத்தில் 8.25 கோடி டாலருக்குப் போனது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரிக்கிறார்கள். முதல் எண் இல்லாமல் இரண்டாவது எங்கிருந்து வரும்? 300 ஃபிராங்க் கொடுக்க ஒருவர் முன்வந்ததே அன்றைக்குச் செய்தி.

விமர்சகர்களையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. புஸ்ஸம் ஊரில் வாழ்ந்த யான் வெத் ஓவியர், செல்வாக்கான விமர்சகர். வின்சென்ட்டின் முரட்டு வண்ணங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வாதாடவில்லை, கடிதங்களை எடுத்துக்கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். அவர் மனம் மாறினார். இன்னோர் ஓவியர் ரிச்சர்ட் ரோலண்ட் ஹோல்ஸ்ட், தனக்குப் புரியாத விஷயத்தில் இந்தப் பெண் ஏன் இப்படிப் பிதற்றுகிறாள் என்ற தொனியில் நண்பருக்கு எழுதினார். 1892 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் வின்சென்ட்டுக்கு ஒரு கண்காட்சி நடந்தபோது அதை ஒழுங்குசெய்தவர் அதே ஹோல்ஸ்ட்தான். பட்டியலின் அட்டைக்கு வாடித் தலைசாய்ந்த சூரியகாந்தியையும் அதன் பின்னே ஓர் ஒளிவட்டத்தையும் வரைந்தவரும் அவரே. அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது நீங்கள் கொஞ்சம் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிரிக்கும் உரிமை உங்களுக்கு இருந்தது.

1905ஆம் ஆண்டுக் கோடையில் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் மியூசியத்தில் நீங்கள் நடத்தியதை என்னவென்று சொல்ல! அரங்குகளை நீங்களே வாடகைக்கு எடுத்தீர்கள். 470க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தொங்கவிட்டீர்கள். அழைப்பிதழ், சுவரொட்டி, பட்டியல் தொடங்கி ஊழியர்களுக்குக் கழுத்தில் கட்டும் 'போ டை' வாங்கியதுவரை உங்கள் வேலை. பதினைந்து வயது மகனும் எழுத்து வேலைக்கு உதவினான். இரண்டாம் கணவர் யோஹான் கோஹன் கோஸ்ஹால்க் பட்டியலுக்கு முன்னுரை எழுதினார். அவரும் ஓவியர், பாவம், 1912இல் அவரும் போய்விட்டார். வான்கோவுக்கு அவ்வளவு பெரிய கண்காட்சி அதற்குப் பிறகு எங்கும் நடக்கவில்லை.

கடிதங்களை நீங்கள் உடனே அச்சுக்குக் கொடுக்காததுதான் என் பார்வையில் உங்களுடைய மிகப் பெரிய செயல். வின்சென்ட் தன் காதை அறுத்துக்கொண்ட கதையும், அவர் உயிரைப் பறித்த துப்பாக்கிச் சூடும், அண்ணன் தம்பிப் பாசமும் கையில் இருக்கின்றன. 1892இலேயே வெளியிட்டிருந்தால் பரபரப்பாக விற்றிருக்கும். நீங்கள் பொறுத்திருந்தீர்கள். படங்களுக்கு மதிப்பு வருவதற்கு முன்னால் மனிதன்மீது இரக்கத்தைக் கிளப்புவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது என்று நினைத்தீர்கள். 1914இல் மூன்று தொகுதிகள் வந்தபோது அவர் ஏற்கெனவே ஓவியராக நிலைத்திருந்தார். அதே வருடம் தியோவின் எலும்புகளை யூட்ரெக்டிலிருந்து கொண்டுபோய் ஓவேரில் அண்ணனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தீர்கள்.

அந்தப் பதிப்பில் ஒரு குறையும் உண்டு. நன்றிக் கடிதம் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். குடும்பத்துக்குச் சங்கடமான இடங்களை நீக்கினீர்கள். சிலருடைய பெயர்களை முதலெழுத்தோடு நிறுத்தினீர்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் உழைக்கவேண்டியிருந்தது. ஆனால் மீட்டெடுக்க மூலக் கடிதங்கள் பத்திரமாக இருந்தன. நீக்கியதை நீங்கள் நெருப்பில் போடவில்லை. வின்சென்ட் தனக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதியைத் தொலைத்தவர். அவர் எழுதியவற்றில் எண்ணூறுக்கும் மேல் நமக்குக் கிடைத்திருப்பதற்குப் பெருமளவு தியோவும் நீங்களும் காரணம்.

சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தது, பெண் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தது, முதல் உலகப்போர்க் காலத்தில் நியூயார்க்கில் குடியிருந்துகொண்டு கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தது பற்றியெல்லாம் எழுத ஆசைதான். இடம் போதாது. 1924க்குப் போய்விடுகிறேன்.

லண்டன் நேஷனல் காலரிக்குச் 'சூரியகாந்திப் பூக்கள்' வேண்டுமென்று கேட்டார்கள். வேறு படம் தருகிறேன், அது மட்டும் முடியாது என்றீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாக நாள்தோறும் கண்முன்னால் இருந்த படம் அல்லவா! அவர்கள் விடாமல் கேட்டார்கள். கடைசியில் சம்மதித்து, வின்சென்ட்டின் புகழுக்காகச் செய்யும் தியாகம் என்று எழுதினீர்கள். அந்தக் காலரியைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது என்பது உங்கள் கணக்கு. கணக்கு சரி. மறுவருடம் செப்டம்பரில் நீங்கள் மறைந்தீர்கள். 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரத்து மஞ்சள் வீட்டில் ஓவிய நண்பர் கோகேனின் அறைக்காகத் தீட்டப்பட்ட அந்தப் பூக்களை இன்று எவர் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். விற்காமல் வைத்திருந்த மிச்சத்தை உங்கள் மகன் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ மியூசியம் திறந்தது. அங்குள்ள ஓவியங்கள் இருநூறு.

இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மையாரின் நாட்குறிப்புகளை வான்கோ மியூசியம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஹான்ஸ் லாய்டன் எழுதிய அவருடைய வரலாறு 2019இல் டச்சிலும் 2022இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. வான்கோவின் காதைப் பற்றிப் பக்கம் பக்கமாக அச்சிட்டுவிட்டோம். தமிழ்ப் பதிப்பாளர் யாராவது இந்த வரலாற்றையும் தமிழில் கொண்டுவர வேண்டும். ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, வேலையை இந்த வருடமே தொடங்குங்கள்.


உங்கள் வாசகர்களில் ஒருவர்