தூர் வாரிய கிணறு

"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், டீச்சர். ஆசிரியப் பணியைப் பற்றி உங்கள் மனத்தில் இருப்பதை எழுதுங்கள்" என்று தலைமையாசிரியைச் சகோதரி கேட்டபோது, "ஆகட்டும் சிஸ்டர்" என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்த பிறகுதான் அது எவ்வளவு கடினமான காரியம் என்று தெரிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். என் மனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முன்னுரையே வரவில்லை!

மாணவச் செல்வங்களே, வருகிற மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். போகுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி, தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருபவர் என்றெல்லாம் பேச்சுப் போட்டிகளில் நீங்கள் முழங்குகிறீர்கள். அந்தப் பேச்சுகளில் பாதியை எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் நான் மெழுகுவர்த்தியாக வேண்டும் என்று இந்தப் பணிக்கு வரவில்லை. சம்பளத்துக்காக வந்தேன்.

என் ஊர் மல்லாங்கிணறு. வானம் பார்த்த கரிசல் பூமி. நான் சிறுமியாக இருந்தபோது அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் உண்டாயிற்று. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. பருத்தியும் கம்பும் போடுவார். மழை பெய்தால் சோறு, தவறினால் கடன். மூன்று பெண்களில் நான் மூத்தவள். மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளம் என்பது எங்கள் வீட்டுக்கு மழையைவிட நம்பிக்கையானதாகத் தோன்றியது. எங்களுக்குத் தெரிந்த வரையில் பெண்கள் பார்க்கக்கூடிய உத்தியோகம் இரண்டுதான். ஒன்று நர்ஸ், மற்றொன்று டீச்சர். இரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும். ஆகவே டீச்சர் ஆனேன். இதுதான் என் தேவ அழைத்தலின் வரலாறு!

முதல் சில ஆண்டுகள் உற்சாகமாகத்தான் போயின. புதுச் சேலை, புதுச் சாக்கட்டி, "குட் மார்னிங் டீச்சர்" என்று எழுந்து நிற்கும் ஐம்பது முகங்கள். ஆனால் ஏழாவது ஆண்டில் என்னை அறியாமலே ஏதோ ஒன்று வற்றத் தொடங்கியது. அதே செய்யுள், அதே விளக்கம். சென்ற ஆண்டு எந்த இடத்தில் வேடிக்கையாக ஒன்று சொன்னேனோ, அதே இடத்தில் அதையே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று நானே காத்திருந்தேன். வங்கி ஊழியர் தேர்வுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். மூன்றாவது பெஞ்சில், சன்னல் ஓரம். முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவள் அருகே போனபோது மல்லிகை மணம் குப்பென்று வீசியது. மாணவிகள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது என்பது அப்போது பள்ளி விதி. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "விடிய விடியத் தூங்காமல் சிங்காரித்துக்கொண்டு இங்கே வந்து தூங்குகிறாயா? பூவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி கேட்டேன். அவள் தலை குனிந்து நின்றாள். தலையில் பூ இல்லை. பையைக் கவிழ்க்கச் சொன்னேன். பையிலும் இல்லை. அப்படியும் நான் விடவில்லை. பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் இல்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய ஊர்ப்பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டீச்சர், அவ பூ வைக்கலை. பூ எடுக்கப் போறா."

அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. ஆகவே விடியுமுன்னே, பனி ஈரத்தில், பாம்புக்கும் பயப்படாமல், பெண்களும் பிள்ளைகளும் பாத்திகளில் இறங்கிவிடுவார்கள். எடுத்த பூவை நிறுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இந்தப் பெண் தினமும் நான்கு மணிக்கு எழுந்து தன் தாயோடு பூ எடுத்துவிட்டு, கை கழுவி, சீருடை மாற்றி, பஸ் ஏறி வந்திருக்கிறாள். எத்தனை கழுவினாலும் விரல் நுனியில் மணம் போகாதாம்.

அதைக் கேட்டபோது என் கை தானாக என் கொண்டைக்குப் போயிற்று. அன்று காலை பஸ் நிலையத்தில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை என் தலையில் இருந்தது.

மாலையில் அப்போதைய தலைமையாசிரியைச் சகோதரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "எனக்கு இந்த வேலை வேண்டாம் சிஸ்டர். எனக்குத் தகுதி இல்லை" என்று அழுதேன். அவர் வயதானவர், கண்டிப்புக்குப் பேர்பெற்றவர். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் சில நாள் காலையில் எழுந்து வகுப்புக்குப் போக மனம் வராது, டீச்சர். அழைத்தல் ஒருமுறைதான் வந்தது. 'ஆகட்டும்' என்று தினமும் அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது! சரி, முதலில் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓட்டு வீட்டுத் திண்ணையில் பழைய சேலையை விரித்து, "உட்காருங்க டீச்சர்" என்றாள் அந்தத் தாய். மோர் கொடுத்தாள். என் மேல் குறை ஒன்றும் சொல்லவில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறலை போலிருக்கு டீச்சர். நின்னுக்கிடட்டும்னு விட்டுட்டோம்" என்றாள். அதுதான் என் நெஞ்சைப் பிளந்தது. குற்றம் என்னுடையது. ஆனால் தண்டனையை அந்தப் பிள்ளையின் படிப்பு அனுபவிக்க இருந்தது. நான் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தப்பு என்மேல்தான் அம்மா. மன்னித்துக்கொள்" என்று சொன்னேன். ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் முறை. அப்போதுதான் அவள் அழுதாள்.

திங்கட்கிழமை வந்துவிட்டாள். முதல் பாடவேளையில் தூக்கம் வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிவர அவளுக்கு அனுமதி கொடுத்தேன். விட்டுப்போன பாடத்தை மதிய உணவு இடைவேளையில் சொல்லிக்கொடுத்தேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, தினம் இருபது நிமிடந்தான். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்காக நான் மறுபடி புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டியிருந்தது. பழைய செய்யுளை அவளுக்குப் புரியும்படி புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் அவள் ஏதோ கேட்டு, நான் விளக்கி, இருவரும் சிரித்தபோது, அட, எனக்குச் சிரிப்பு வருகிறதே என்று நானே வியந்தேன்.

வங்கித் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுதினேன், தேறவில்லை! ஆகவே ஆசிரியப் பணிக்காக வங்கி வேலையைத் துறந்தேன் என்று பெருமை பேச எனக்கு வழியில்லை.

அப்போதுதான் எங்கள் கிணறு எனக்கு நினைவுக்கு வந்தது. கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டால் அப்பா ஆள் கூட்டித் தூர் வாருவார். உள்ளே இறங்கியவர்கள் கருஞ்சேற்றை வாரி வாரிக் கூடையில் போட, மேலே நிற்பவர்கள் கயிறு பிடித்து இழுத்துக் கொட்டுவார்கள். உடைந்த குடம், அறுந்த வாளி, என்றோ தவறவிட்ட செம்பு எல்லாம் வந்து சேரும். கடைசியில் பாறை இடுக்கில் கடப்பாரையால் குத்திவிட்டால் மெல்லக் கசியும். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் தெளிந்த நீர் நிற்கும். "தண்ணி இல்லாமப் போகலை தாயி. ஊத்துக்கண்ணு அடைஞ்சு போச்சு" என்பார் அப்பா. ஒருமுறை வாரினால் போதாது. சில ஆண்டுகளில் மறுபடி வார வேண்டும். ஆசிரியரின் மனமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சலிப்பும் கோபமும் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற எண்ணமும் சேறாகப் படிந்துவிடும். அதை வாரி எடுப்பது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கைதான்.

பிற்பாடு சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். 1886இல் சென்னையில் பிறந்தவர். பதினொரு வயதில் மணமாகி, விரைவிலேயே விதவையானவர். அந்நாளில் அத்தகைய சிறுமிக்கு மூலையும் கண்ணீருமே கதி. ஆனால் அவருடைய தந்தையார் மகளைப் படிக்க வைத்தார். எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் பயின்றபோது, தமக்குக் கற்பித்த கன்னியரின் தன்னலமற்ற உழைப்பு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து வைத்துப் படிக்கச் செய்து, அவர்களில் பலரை ஆசிரியைகள் ஆக்கினார். கடற்கரை ஓரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடம் அந்தப் பிள்ளைகளின் விடுதியாயிற்று. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரும் அவரே. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1969இல் மறைந்தார். தம் சமயத்தை விட்டு அவர் விலகவில்லை. ஆயினும் ஊரெல்லாம் அவரைச் 'சகோதரி' என்றே அழைத்தது! தமக்கு நேர்ந்த துன்பத்தையே பிறருக்கு ஊற்றாக்கிக்கொண்டவர் அவர். எனக்கு அவ்வளவு பெரிய துன்பமும் இல்லை, அவ்வளவு பெரிய உள்ளமும் இல்லை. ஆனால் ஊற்று எங்கிருந்து வருகிறது என்பதை அவர் எனக்குக் காட்டினார்.

இன்னொருவர் நம் பக்கத்துக்காரர். இராமேசுவரத்தில் டாக்டர் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில், பறவை எப்படிப் பறக்கிறது என்று சிவசுப்பிரமணிய அய்யர் என்னும் ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டதற்குப் புரியவில்லை என்றார் சிறுவர் கலாம். ஆசிரியர் சினக்கவில்லை. அன்று மாலையே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளையே காட்டினார். அந்த மாலைப்பொழுதைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். அய்யர் அன்று சினந்திருந்தால்? மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழும்.

ஆகவே, அன்பு மாணவிகளே, உங்கள் ஆசிரியையும் ஒரு மனுஷிதான். அவருக்கும் வீட்டுக் கவலை உண்டு, தலைவலி உண்டு, வற்றிப்போகும் நாள் உண்டு. புரியவில்லை என்றால் பயப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் கேள்விதான் எங்கள் ஊற்றுக்கண்ணைத் திறக்கும் கடப்பாரை. பெற்றோரே, பிள்ளையின் வீட்டு நிலையை எங்களிடம் மறைக்காதீர்கள். தெரியாமல் நாங்கள் செய்யும் தவறுகள்தான் அதிகம். புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியைகளே, சம்பளத்துக்காக வந்தேன் என்று வெட்கப்பட வேண்டாம். எதற்காக வந்தோம் என்பதைவிட எதற்காக இருக்கிறோம் என்பதே பெரிது.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் பத்தாம் வகுப்பில் தேறினாள். மேலே படிக்க வைக்க அந்த வீட்டால் முடியவில்லை. என் வருத்தங்களில் அதுவும் ஒன்று. இப்போது அவளுடைய மகள் ஏழாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிறாள். கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாய், ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். வாழையிலையில் கட்டிய மல்லிகை. "நானே எடுத்தது டீச்சர். இப்போ எங்க சொந்தத் தோட்டம்" என்றாள்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பள்ளிச் சிற்றாலயத்தில் மாதாவின் பாதத்தில் வைத்துவிட்டு, இத்தனை ஆண்டுகள் என்னைத் தூர் வாரிய பிள்ளைகளுக்காக நன்றி சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்புக்குப் போனேன். மணி அடித்துவிட்டிருந்தது.