குளிரில் உறங்கும் லாரி

மைசூரின் மார்கழிக் குளிர் ஒரு கம்பளிக்கு அடங்கிவிடும். விடியற்காலையில் தெருவோரத்து லாரிகள் இரண்டு முறை இருமிப் பின் புறப்பட்டுவிடும். ஆனால் நம்மவர் ஓட்டிச் செல்லும் வழி மைசூரோடு முடிவதில்லை. சேலம், நாமக்கல் வழியே செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் வடமுனை ஸ்ரீநகர். அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலம். இரவில் நீர் உறைந்து கல்லாகும்.

சென்ற குளிர்காலத்தில் என் மனைவியின் தமையனார் அப்பக்கம் ஆப்பிள் ஏற்றச் சென்றிருந்தார். இரவு நிறுத்திய லாரி மறுநாள் நண்பகல் வரை உயிர் பெறவில்லை. சரக்குக்குரியவர் மணிக்கொரு முறை கைபேசியில் அழைத்து, ஓட்டுநரின் சோம்பல் என்று கடிந்தார். அச்சொல் எங்கள் வீடு வரை வந்து எல்லாரையும் வருத்தியது. ஆகவே இதன் காரணத்தை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஜெர்மனியில் ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டு இயக்கிக் காட்டிய முறைப்படி, சிலிண்டருள் காற்றைக் கடுமையாக அழுத்த, அதனால் பிறக்கும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால் நெருப்பு எங்ஙனம் பிறக்கும்? மேலும், மசகு எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுழற்சியைத் தடுக்கும், பாட்டரியும் வலுவிழக்கும்.

இவற்றினும் பெரிய தொல்லை, டீசலில் இயல்பாகவே கரைந்துள்ள மெழுகு. வீட்டுப் புட்டியில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல் அது திரண்டு பில்டரை அடைத்துவிடும். தெற்கே நிரப்பிய டீசலோடு வடக்கே சென்றால் இத்தொல்லை மிகுதி. இதற்கெனவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில், பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகம் செய்தது.

இனி, உயிரைப் பற்றிய செய்தி. டாங்கின் அடியில் தீ மூட்டி மெழுகை இளக்குவோர் உண்டு. அது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதாகும். குளிருக்கு அஞ்சி, கேபினில் அடுப்போ கரிச்சட்டியோ வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்குவது அதனினும் கொடிது. அதில் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் விழிக்காமலே போகலாம். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் அத்தகையதே.

செய்யத்தக்கவை எளியன. மலையேறுமுன் அப்பகுதி பங்கிலேயே டீசல் நிரப்புக. ரேடியேட்டரில் வெறும் நீர் விடாது, உறையாத கூலன்ட் கலந்திடுக. பில்டரில் தங்கும் நீரை வடித்துவிடுக. காலை வெயில் படும் இடத்தில் நிறுத்துக. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் புதிய பி.எஸ். 6 எஞ்சின்களுக்கு ஆகாது. இத்தனைக்கும் பின் கிளம்பாவிடில், வெயில் ஏறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

நான் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுபவன். தாமதத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று ரூபாயில் எழுதிவிடலாம்; அதைக் கட்டியும் விடலாம். உயிருக்கு அவ்வாறு எழுதும் புத்தகம் எந்த ஆபீசிலும் இல்லை. ஆதலால் சகோதரிகளே, வடக்கே சென்றவர் வண்டி கிளம்பவில்லை என்று அழைத்தால், எப்போது வருவீர்கள் என்று கேட்கவேண்டாம்; இரவு எங்கே படுத்தீர்கள், கேபினில் நெருப்பு ஏதும் வைக்கவில்லையே என்று முதலில் கேளுங்கள்.