தோற்கச் சென்றவர்கள்

விளையாட்டுச் செய்திகளை அச்சிடும்போது வென்றவர் பெயரைத் தலைப்பிலும் தோற்றவர் பெயரை இரண்டாம் வரியிலும் இடுவது பத்திரிகைகளின் வழக்கம். அதிற் குற்றமில்லை. வெற்றியை நாடியே பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் உடற்பயிற்சி ஆசிரியனாகக் கடமையாற்றிய எனக்கு, அந்த இரண்டாம் வரியிலே சில வேளைகளிற் பெரியதொரு வரலாறு அடங்கிக் கிடப்பதுண்டு என்பது தெரியும். அத்தகைய வரலாறு ஒன்றையே இங்கு எழுதப் புகுகின்றேன். 1963ஆம் ஆண்டில், அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றின் கூடைப்பந்தாட்டக் கோஷ்டி, வீட்டிலிருந்தே பெற்றிருக்கக்கூடிய புகழை விட்டுத் தொலைதூரம் சென்று தோற்றுத் திரும்பிய கதை அது.

இக்கதையில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். எங்களூரிற் கூடைப்பந்தாட்டம் செழித்து வளர்ந்தமைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சேசுசபைக் குருமார் பெரிதும் உழைத்தனர். புனித மிக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் இவ்வாட்டத்தைப் பயிற்றி, 1990ஆம் ஆண்டிற் காணாமற்போன யூஜின் ஹேபியர் அடிகளாரை மட்டக்களப்பு மக்கள் இன்னும் மறந்திலர். அக்குருமார் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையைச் சேர்ந்தவர்கள். நிறம், சாதி, சமயம் எதையும் கேளாது எல்லாப் பிள்ளைகள் கையிலும் பந்தைக் கொடுத்தவர்களின் சொந்த நாட்டிலேயே, வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே ஆடுகளத்தில் நிற்கலாகாது என்ற தடை இருந்ததென்பதைச் சிறுவயதில் நான் அறியேன். பிற்காலத்தில் நூல்கள் வாயிலாக அறிந்தபோது வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின.

அத்தடை மிக இறுக்கமாயிருந்த மாநிலங்களுள் ஒன்று மிஸிஸிப்பி. அங்கே மாநில அரசின் பணத்தில் இயங்கும் கல்லூரிகள், கறுப்பினத்தவர் இடம்பெறும் எந்தக் கோஷ்டியுடனும் ஆடுவதில்லை. இது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட விதியன்று, எழுதப்படாத வழக்கம். எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதாத வழக்கத்தை எங்கே சென்று எதிர்ப்பது?

ஸ்டார்க்வில் என்னும் சிறு நகரிலுள்ள மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலையின் கோஷ்டி அக்காலத்தில் மிகத் திறமை வாய்ந்ததாய் விளங்கிற்று. பேப் மக்கார்த்தி என்பவர் அதன் பயிற்சியாளர். 1959ஆம் ஆண்டில் அக்கோஷ்டி 24 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மாத்திரம் தோற்றது. தென்கிழக்குச் சர்வகலாசாலைகளுக்கிடையிலான சம்பியன் பட்டமும் பெற்றது. அப்பட்டத்தைப் பெற்றவர்கள் தேசிய சுற்றுப்போட்டியில் ஆடுவது முறை. ஆனால், அச்சுற்றுப்போட்டியிற் கறுப்பின மாணவர்கள் எதிர்ப்படுவார்களே! ஆகவே கோஷ்டி வீட்டிலேயே இருந்தது. அதற்குப் பதிலாகக் கென்டக்கி சென்றது. 1961ஆம் ஆண்டும் பட்டம் கிடைத்தது. அப்போதும் வீட்டில் இருந்தார்கள். 1962ஆம் ஆண்டு மறுபடியும் 24 வெற்றி, ஒரு தோல்வி. பட்டத்தைக் கென்டக்கியுடன் பகிர்ந்துகொண்டார்கள். அப்போதும் வீட்டிலேயே இருந்தார்கள்.

முதலாம் வருட மாணவர் பிரதான கோஷ்டியில் ஆடலாகாது என்பது அக்கால விதி. ஆகவே ஒரு மாணவனுக்குக் கிடைப்பவை மூன்று பருவங்களே. கோஷ்டித் தலைவன் ஜோ டான் கோல்ட், லீலண்ட் மிச்சல், ஸ்ட்ரவுட் ஆகியோர் 1961இலும் 1962இலும் வென்றும் வெளியே செல்ல இயலாது நின்றவர்கள். 1963இல் அவர்கள் மூன்றாம் முறையாகப் பட்டத்தை வென்றபோது எஞ்சியிருந்தது கடைசி வாய்ப்பு.

அவ்வேளை மாநிலம் கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான், ஜேம்ஸ் மெரெடித் என்னும் கறுப்பின மாணவர் மிஸிஸிப்பியின் மற்றொரு சர்வகலாசாலையிற் சேர வந்ததை எதிர்த்துப் பெருங்கலகம் மூண்டு இருவர் உயிரிழந்திருந்தனர். இந்நிலையில், 1963 மார்ச் 2ஆம் திகதி, மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலையின் தலைவர் கலாநிதி டீன் கொல்வார்ட், தகுந்த அதிகாரிகள் தடுத்தாலன்றித் தமது கோஷ்டி தேசிய சுற்றுப்போட்டிக்குச் செல்லும் என அறிவித்தார். மாணவர்கள் மகிழ்ந்தனர். மாநில ஆளுநர் ரொஸ் பார்னெட் எதிர்த்தார். மார்ச் 9ஆம் திகதி கூடிய உயர்கல்விச் சபை, எட்டுக்கு மூன்று என்ற வாக்குகளால் தலைவரின் முடிவை நிலைநிறுத்திற்று.

தோற்றவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 13ஆம் திகதி, கோஷ்டி மாநிலத்தை விட்டு வெளியேறலாகாது என இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது. அதனைக் கையளிக்க ஷெரீப்பின் ஆட்கள் புறப்பட்டனர். ஆனால், உத்தரவைப் பெறவேண்டியவர்கள் ஊரில் இருந்தாலல்லவா கையளிக்க முடியும்? தலைவர் கொல்வார்ட் அன்றிரவே எல்லை கடந்து அலபாமா மாநிலத்துக்குச் சென்றுவிட்டார். பயிற்சியாளர் மக்கார்த்தி மெம்பிஸ் நகருக்குச் சென்று, அங்கிருந்து நாஷ்வில் சென்றார். மறுநாட் காலை மாற்றாட்டக்காரர் சிலரை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்து, தடை செய்வார் எவருமில்லை என அறிந்த பின்னரே ஏனையோர் சென்று விமானம் ஏறினர். பரிசு பெறச் செல்லும் பிள்ளைகள் களவு செய்தோரைப்போல ஒளிந்து செல்ல வேண்டியிருந்தது என்றால், அந்நாட்டின் நிலைமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்கள் சந்திக்கச் சென்ற கோஷ்டி, சிக்காகோ நகரத்துச் சேசுசபைச் சர்வகலாசாலையான லொயோலா. அதன் பயிற்சியாளர் ஜோர்ஜ் அயர்லண்ட், முதல் ஐவரில் நால்வராகக் கறுப்பின மாணவரையே களமிறக்கினார். ஜெரி ஹார்க்னெஸ், லெஸ் ஹன்டர், விக் ரவுஸ், ரொன் மில்லர் என்போர் அந்நால்வர். அக்காலத்தில் இது துணிகரமான செயல். நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு ஆடச் சென்றபோது இவர்கள் தங்கள் வெள்ளைத் தோழர்களுடன் ஒரே விடுதியில் தங்க இயலாது, கறுப்பின மக்களின் வீடுகளிற் பிரிந்து தங்கினர். ஹூஸ்டன் நகரிற் பார்வையாளரின் வசைமொழிகளைக் கேட்டுக்கொண்டே ஆடினர். மிஸிஸிப்பிக் கோஷ்டியுடன் ஆடப்போவது தெரிந்ததும், ஹார்க்னெஸின் விடுதிக்கே பயமுறுத்தற் கடிதங்கள் வந்தன.

1963 மார்ச் 15ஆம் திகதி, மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரில் இரு கோஷ்டிகளும் சந்தித்தன. ஆட்டம் தொடங்குமுன் தலைவர்கள் கோல்டும் ஹார்க்னெஸும் களத்தின் நடுவே வந்து கைகுலுக்கினர். அக்கணமே எப்பக்கத்திலும் புகைப்படக் கருவிகள் மின்னின. இது வெறும் பந்தயமன்று என்பது அவ்வெளிச்சத்திலேதான் தமக்கு விளங்கிற்று என ஹார்க்னெஸ் பின்னாளிற் கூறியிருக்கிறார். கைகுலுக்குதல் எத்துணைச் சிறிய செயல்! நம் பாடசாலைகளில் எந்தப் பந்தயத்திலும் நடைபெறுவது. நடைபெறாத இடத்தில் வாழ்ந்தவர்களுக்கே அதன் பெறுமதி தெரியும்.

ஆட்டம் ஒழுங்காகவும் கண்ணியமாகவும் நடந்தது. மிஸிஸிப்பிக் கோஷ்டி முதல் ஏழு புள்ளிகளையும் தானே பெற்று முன்னேறிற்று. வேகமாக ஆடிப் புள்ளிகளைக் குவிப்பது லொயோலாவின் முறை. பந்தை நிதானமாகக் கைமாற்றி, தக்க தருணம் வரும்வரை காத்திருப்பது மிஸிஸிப்பியின் முறை. அந்நிதானம் லொயோலாவை 61 புள்ளிகளுக்குள் அடக்கிற்று. ஆயினும் வெல்லப் போதவில்லை. 61க்கு 51 என லொயோலா வென்றது. மறுநாள் நடந்த மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில், நேட் தேர்மண்ட் என்னும் புகழ்பெற்ற கறுப்பின வீரர் இடம்பெற்ற பௌலிங் கிரீன் கோஷ்டியை மிஸிஸிப்பி 65க்கு 60 என வென்றது. ஆடினார்கள், திரும்பினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

லொயோலா மேற்சென்று, மார்ச் 23ஆம் திகதி லூயிவில் நகரிலே, முந்திய இரு ஆண்டுகளும் பட்டம் பெற்றிருந்த சின்சினாட்டியை இறுதியாட்டத்தில் எதிர்த்தது. 15 புள்ளிகள் பின்தங்கியும் மீண்டெழுந்து, மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் ரவுஸ் இட்ட கூடையினால் 60க்கு 58 என வென்று தேசிய சம்பியனாயிற்று. முதல் ஐவரும் ஆட்டம் முழுவதும் மாற்றின்றி ஆடினர்.

இக்கதையை ஒருநாள் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாடசாலைக் கோஷ்டியில் ஆடும் பேரன், "பட்டம் வென்றது லொயோலா. தோற்றவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள், அம்மப்பா?" என்று கேட்டான். "மூன்று முறை அவர்கள் வெளியே ஆடாததால் தோற்கவில்லை. நான்காம் முறை ஆடியதால் தோற்றார்கள். எந்தப் பருவம் நிறைவானது, நீயே சொல்" என்றேன். அவன் சற்று யோசித்து, "ஆடிய பருவந்தான்" என்றான்.

சட்டம் பயிலும் பேத்தி எளிதில் விடவில்லை. "நீதிமன்ற உத்தரவு கையில் அகப்படாதபடி ஒளிந்து சென்றது நேர்மையா, அம்மப்பா? நாளை வேறொருவர் வேறொரு தீய நோக்கத்துக்காக அவ்வாறு செய்தால் என்ன சொல்வீர்கள்?" என்றாள். நல்ல கேள்வி. கொல்வார்ட் தம் முடிவைப் பத்து நாள் முன்னரே பகிரங்கமாக அறிவித்தார். கல்விச் சபை கூடி ஆராய இடமிருந்தது. அச்சபை அவருக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. பதவி போகலாம் என்பதை அறிந்தே தம் பெயரை முன்வைத்தார். அவர் ஒளித்தது ஓரிரவுப் பயணத்தை; கொள்கையை அன்று. இதனாலே கேள்வி முற்றாகத் தீர்ந்துவிட்டதென நான் சொல்லவில்லை. ஆனால், செயலை ஒளிப்பவனுக்கும் காரணத்தை ஒளிப்பவனுக்கும் வேற்றுமை உண்டு என்றேன்.

அவள் மேலும் ஒன்று சொன்னாள். "கதவைத் திறந்தவனுக்கு இத்துணைப் புகழ் என்றால், அதுவரை கதவுக்கு வெளியே நின்றவனுக்கு எவ்வளவு தரவேண்டும்?" அச்சொல் என் மனத்திற் பதிந்துவிட்டது. உண்மையும் அதுவே. மிஸிஸிப்பி மாணவர்கள் செய்தது மனிதன் மனிதனுக்குச் செய்யவேண்டிய சாதாரண மரியாதை. வசையையும் பயமுறுத்தலையும் தாங்கிக்கொண்டு, கை நீட்டியவனுக்குக் கசப்பின்றிக் கை நீட்டிய ஹார்க்னெஸும் தோழர்களுமே பெரிய பாரத்தைச் சுமந்தவர்கள். அன்று மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலையில் ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லை. ரிச்சர்ட் ஹோம்ஸ் என்பவர் முதன்முதலாகச் சேர்ந்தது 1965இல். பந்தயம் முடிந்து மூன்று மாதங்களாகுமுன், 1963 ஜூன் 12ஆம் திகதி, கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் அதே மாநிலத்தின் தலைநகரில் தம் வீட்டு வாசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பந்தயம் உலகத்தைத் திருத்திவிடாது. திருத்தம் எவ்விடத்தில் தொடங்கலாம் என்பதைக் காட்டவே அதனால் முடியும்.

கோல்டும் ஹார்க்னெஸும் முதுமையில் நண்பர்களாயினர். 2011ஆம் ஆண்டிற் கோல்ட் காலமானபோது ஹார்க்னெஸ் இறுதிச் சடங்குக்குச் சென்றார். பிரேதப் பெட்டியின் அருகே, இருவரும் கைகுலுக்கும் அந்தப் பழைய புகைப்படத்தை வைத்திருக்கக் கண்டார். 2021ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார்.

கோல்ட் தம் மாணவப் பருவத்தில் மூன்று சம்பியன் பட்டங்களைக் கண்டவர். அவர் குடும்பத்தினர் கடைசியில் அவரருகே வைத்ததோ, அவர் தோற்ற ஆட்டத்தின் படம். மாணவர்களே, வெற்றிக்காக உழையுங்கள். அதில் மனந்தளர வேண்டாம். ஆனால், எவரோடு ஆடலாம், எவரோடு ஆடலாகாது என்று பிறர் உங்களுக்காக வகுத்துவைக்கும் பட்டியலை ஒருமுறையேனும் எடுத்துப் பாருங்கள். அதில் நீக்கப்பட்டிருப்பவன் உங்களிலும் நன்றாக ஆடக்கூடியவனாய் இருக்கலாம். உங்களைத் தோற்கடிக்கவும் கூடும். அவன் எதிரே நின்று தோற்பது, அவன் இல்லாத களத்தில் வெல்வதைக் காட்டிலும் மேலானது.