மரக்காணத்தில் ஒரு குட்டி வாத்தியம்

என் தங்கையை மரக்காணத்தில் கொடுத்திருக்கிறது. போன சித்திரையில் ஒரு வாரம் போயிருந்தேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ் ஊரை நெருங்கும்போதே உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. பாத்தி பாத்தியாய்த் தண்ணீர், வரப்பில் வெள்ளை வெள்ளையாய்க் குவியல். அந்த வெயிலில் பெண்கள் உப்பைச் சுமந்து வருவதைப் பார்த்த பிறகு, சமையலறையில் ஒரு கல் உப்பைச் சிந்தக்கூட மனசு வரவில்லை.

"அக்கா, இவன் பண்ற கூத்தைக் கேளு" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் தங்கை. அவள் வீட்டுக்காரர் பரம்பரைத் தச்சர். பையன் கடன் வாங்கிப் பட்டறையில் சி.என்.சி. மெஷின் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் மரத்தை அதுவே செதுக்கிவிடும். பூஜை அறைக் கதவுக்கு மணி, மயில் எல்லாம் அதில்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் பேசி மூன்று மாதமாம்!

நான் போன சமயம், எட்டாவது படிக்கும் தன் தங்கைக்காக யுகுலேலே செய்துகொண்டிருந்தான். கிட்டாரின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாலே தந்தி. 1879-ல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குப் பிழைக்கப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன சின்ன வாத்தியத்திலிருந்து வந்தது.

பலாக்கட்டையை மேஜையில் இறுக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். சுழலும் ஊசி முன்னும் பின்னும், மேலும் கீழும் ஓடிக் கட்டையைக் குடைந்தது. ஒரே தூள். மாஸ்க் போடாமல் என்னை உள்ளே விடவில்லை. அந்த மட்டில் சமர்த்து. பிறகு மெட்டுகளுக்குக் கோடு கீறியது. தந்தி நீளம் 13½ அங்குலம் என்றால் முதல் மெட்டு முக்கால் அங்குலத்தில், பன்னிரண்டாவது சரிபாதியில். வீணைக்கு 24 மெட்டையும் மெழுகில் காதால் கேட்டு வைப்பார்கள். இங்கே கணக்கு பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் ஒட்டி, தந்தி கட்டி, நாலாம் நாள் காலையில் பார்த்தால் மேல்பலகை ஓரத்தில் எழும்பி நிற்கிறது! பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் தங்கை வீட்டுக்காரர் வந்தார். எடுத்தார், விரலால் தட்டினார். "ஈரம் போகலடா. கடல் காத்துல மரம் சும்மா இருக்குமா?" மூன்று மாதத்தில் முதல் பேச்சு.

வறுத்து வைத்த அப்பளம் இந்த ஊரில் அரை மணியில் நமுத்துப் போகிறதே, அதே சங்கதிதான். மரமும் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் விட்டுச் சுருங்கும். பரணில் ஏறி, பல வருஷமாய்க் காய்ந்து கிடந்த பலாப் பலகையை அவரே இறக்கிக் கொடுத்தார். இரண்டு மில்லிமீட்டருக்கு மெஷின் சீவியது. கடைசி இழைப்பை மட்டும் அவர் விடவில்லை. தட்டித் தட்டிக் கேட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

மெஷின் கடன் இன்னும் அடையவில்லை. கல்யாண மண்டபம் ஒன்றின் கதவு வேலைக்காக அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்களாம், தங்கை போனில் சொன்னாள். பின்னால் அந்தக் குட்டி திருகாணியை முறுக்கி முறுக்கி சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது.