குளத்து நீரும் கிணற்று உப்பும்

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் வீதியால் போயிருக்கிறீர்களா? வயல்வெளியைத் தாண்டினால் சாகாமம் குளம். மாரியில் குளத்து நீர் கலங்கிக் கிடக்கும். கலங்கிய நீரை எடுத்தால் நம் உம்மும்மாமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றி வைப்பார்கள். கொட்டையின் பசை சேற்றுத் துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்யும். படிகாரமும் அவ்வாறே. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. கிருமிகள் சாக அதைக் கொதிக்க வைத்தே தீர வேண்டும்.

உப்பு இவற்றுக்கெல்லாம் அடங்காது. கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புண்டு. அதில் வுழூச் செய்யலாம், குடிக்க முடியாது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி உப்புத்தான் செறியும். ஆவியைப் பிடித்துக் குளிர்விக்க வேண்டும். அல்லது மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வினூடாகச் செலுத்த வேண்டும். இரண்டும் செலவு மிக்கவை.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்து நம் கரையோரக் கிணறுகளை உவராக்கியது. இறைத்துவிட்டால் சரியாகும் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுமீறி இறைத்தபோது கீழிருந்த உவர்நீர் மேலேறியது. கிணறுகளை மெல்ல மெல்ல நன்னீராக்கியது அல்லாஹ் இறக்கிய மழைதான்.

ஆகவே, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து விடாதீர்கள். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்று கற்றவர்கள் நாம். கடலோரத்துக் கிணற்றில் அந்தப் பேணுதல் இன்னும் அவசியம்.